டெலியாவின் ஏழாவது ஜோடி

காரபெக் ஊரில் டெலியா ஹனிஃபியின் கால்களைத் தெரியாதவர்கள் கிடையாது. தப்பாக நினைக்க வேண்டாம், கௌரவமான கால்கள்தான். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அவற்றின் அளவு, எங்கள் வட்டாரத்தில் குதிரை ஏறி நரிவேட்டைக்குப் போகும் சீமாட்டிகள் ஆறு பேருக்கு அப்படியே பொருந்தியது. ஆண்டவன் அந்த ஆறு பேருக்கும் ஒரே அச்சில் கால் வார்த்துவிட்டு, மிச்சமிருந்த மண்ணில் டெலியாவையும் செய்து அனுப்பியவன், குதிரையை மட்டும் கொடுக்க மறந்துவிட்டான்.

குதிரைச் சவாரிக்குப் போடும் நெட்டை பூட்ஸ் என்பது வாங்கிய கையோடு மாட்டிக்கொண்டு கிளம்பும் சாமான் அல்ல. கடையிலிருந்து வரும்போது பலகையாக விறைத்திருக்கும். அதுவும் வேண்டுமென்றே இரண்டு விரற்கடை உயரம் கூடுதலாகத்தான் வாங்க வேண்டும். போடப் போடக் கணுக்காலில் தோல் மடிந்து பூட்ஸ் இறங்கும், இறங்கிய பிறகுதான் சரியான உயரத்துக்கு வரும். ஆரம்பத்திலேயே சரியாக இருக்கிறதே என்று வாங்குகிற புத்திசாலி, சீசன் முடிவதற்குள் அரைக்கால் பூட்ஸோடு நிற்பான். ஆனால் இறங்கும் வரைக்கும் அந்த இரண்டு விரற்கடை சும்மா இருக்காது. முழங்காலின் பின்பக்கத்தை அறுக்கும், குதிகாலைக் கொப்பளிக்க வைக்கும். ஆறு பேர் படவேண்டிய அந்தப் பாட்டை முப்பது வருடமாக ஒருத்தியே பட்டாள்.

ஆரம்பித்தது ஒரு குறும்பில். டெலியாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, ஃபேஹி கடையில் வேலை. முன்பக்கம் மளிகை, பின்பக்கம் மதுக்கடை, இரண்டிலும் அவள்தான் ஓடுவாள். பெரிய வீட்டுக்குப் புதுமருமகளாக வந்திருந்த மிஸஸ் யூஸ்டஸ் ஒருநாள் நொண்டிக்கொண்டே உள்ளே வந்து, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, புது பூட்ஸைப் படாதபாடு பட்டுக் கழற்றி, காயத்துக்கு ஒட்ட பிளாஸ்திரி கேட்டாள். பிளாஸ்திரி கொண்டுவந்த டெலியாவுக்குக் கை சும்மா இருந்தாலும் கால் சும்மா இருக்கவில்லை. ஒரு பூட்ஸில் காலை விட்டுப் பார்த்தாள். அவளுக்கே தைத்தது போல ஏறிவிட்டது. மிஸஸ் யூஸ்டஸ் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று டெலியா நடுங்கிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்:

"கழட்டாதே. இன்னொன்னையும் போட்டுக்கோ. மூணு வாரம் கழிச்சு வீட்ல கொண்டுவந்து கொடு."

சொல்லிவிட்டு வெறும் காலுறையோடு மழையில் நடந்து காரில் ஏறிப் போய்விட்டாள். மிஸஸ் யூஸ்டஸ் அப்படிப்பட்ட பிறவி.

மூன்று வாரத்தில் திரும்பிப்போன பூட்ஸ் கையுறை மாதிரி மெத்தென்று இருந்தது. சேதி டாக்டர் மனைவிக்குப் போயிற்று, அவளிடமிருந்து வங்கி மேலாளரின் தங்கைக்கு. சில வருடங்களில் ஆறு ஜோடி ஆகிவிட்டது. இதற்குக் கூலி என்று யாரும் பேசியதில்லை. கிறிஸ்துமஸுக்கு வாத்து வரும், ஜாம் வரும், அவர்களுக்கு அலுத்துப்போன தொப்பிகள் வரும். டெலியாவின் அலமாரி நிறையத் தொப்பிகள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவள் தலையில் யாரும் பார்த்ததில்லை.

மேலே ஏப்ரன், கீழே பளபளக்கும் கறுப்பு பூட்ஸ் என்று அவள் பன்றி இறைச்சி நிறுத்துக் கொடுப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. வெளியூர்க்காரர்கள்தான் வாசலை எட்டிப் பார்த்து, குதிரை எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்பார்கள். லாடம் அடிக்கப் போயிருக்கிறது, நாளைக்கு வரும் என்பாள் முகம் மாறாமல்.

நடந்தால் மட்டும் பூட்ஸ் பழகிவிடாது. கணுக்கால் மடிய வேண்டும். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி கோவில். மண்டியிடும்போது கணுக்காலில் தோல் எப்படி மடிகிறது என்று வேண்டுமானால் நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டை சீசன் நவம்பரில் தொடங்கும். அதற்கு முந்தைய மாதம் அக்டோபர், ஜெபமாலை மாதம். தினம் காலைப் பூசை, மாலையில் ஜெபமாலை, ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகச் சிலுவைப்பாதை, சுவரில் இருக்கும் பாடுகளின் படங்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் செய்கிற ஜெபம். பதினான்கு ஸ்தலத்திலும் முழந்தாளிட்டு எழுந்தால் எப்பேர்ப்பட்ட தோலும் மனம் இளகும். ஃபாதர் டோலன் அவளுடைய பக்தியைக் கண்டு உருகிப்போய், டெலியா ஹனிஃபியைப் பாருங்கள், அவளைப் போல் ஜெபியுங்கள் என்று பீடத்திலிருந்தே இரண்டு மூன்று தடவை பிரசங்கம் வைத்துவிட்டார். டெலியா தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அவர் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்.

சீசனின் முதல் நாள் நவம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை. ஃபேஹி கடை வாசலில்தான் எல்லோரும் கூடுவார்கள். நாற்பது குதிரைகள், அதற்கு மேல் நாய்கள், புகை கக்கும் மூச்சு. சூடான போர்ட் ஒயினைத் தட்டில் ஏந்திக்கொண்டு குதிரைகளுக்கு நடுவே போய், மேலே இருப்பவர்களுக்கு நீட்டுவது டெலியாவின் வேலை. அவள் முகத்துக்கு நேராக இருப்பது அவர்களுடைய கால்கள்தான். இது டாக்டர் வீட்டு ஜோடி, இடது குதிகால் கொஞ்சம் தகராறு பண்ணியது. அது மிஸஸ் யூஸ்டஸின் ஜோடி, லண்டன் சரக்கு, முதல் வாரத்திலேயே படிந்துவிட்டது. பிறகு கொம்பு ஊதுவார்கள். அவள் பழக்கிய ஆறு ஜோடியும் கல் சுவர்களைத் தாண்டிப் போய்விடும். அவள் காலித் தட்டோடு நிற்பாள். அவளுக்கு அழுகை வராது, வயிறு எரியும். ஒவ்வொரு வருடமும் எரிந்தது, ஒவ்வொரு வருடமும் உள்ளே போய்க் கோப்பைகளைக் கழுவினாள்.

இந்தக் கதையில் மேட்டி கில்ராய் நுழைவது ஒரு கிளாஸ் பீருக்காக. கல் சுவர் கட்டுகிறவன், கல்யாணம் ஆகாதவன், பேச்சில் சிக்கனம். அவனுக்கு ஒரு சாம்பல் நிறக் குதிரை உண்டு, தடித்த கழுத்தும் சாவதானமான நடையுமாக. அதற்கு பிஷப் என்று பேர் வைத்திருந்தான். ஃபாதர் டோலனுக்கு அதில் மேட்டிமேல் தீராத மனத்தாங்கல். போன வருடம் சீசன் தொடங்கிய வாரம், டாக்டர் மனைவி குதிரையில் போவதைக் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு அவன் டெலியாவிடம் சொன்னான்:

"நீ பழக்குன பூட்ஸுக்கு முட்டி போடத் தெரியுது டெலியா. உட்காரத் தெரியலை."

 மூன்று நாள் அவனுக்கு நுரையே இல்லாமல் பீர் ஊற்றினாள். ஆனால் சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. சேணத்தில் உட்காரும்போது கால் மடிகிற விதம் வேறு, அங்கவடியில் பாதம் அழுந்துகிற விதம் வேறு, குதிரையின் விலாவைப் பிடிக்கிற இடம் வேறு. அவன் சொன்னது உண்மை. நான்காம் நாள் சாயங்காலம், வங்கி மேலாளரின் தங்கை அனுப்பியிருந்த புது பூட்ஸோடு மேட்டியின் பின்வயலுக்குப் போய் நின்றாள்.

"பூட்ஸுக்காகத்தான் வந்திருக்கேன்" என்றாள்.

"வேற எதுக்கு" என்றான் மேட்டி, பிஷப்பைப் பிடித்துக்கொண்டு வந்தபடி.

முதல் வாரம் மூன்று தடவை விழுந்தாள். ஒரு தடவை விழுந்த இடம் சாணிக்குவியல், அதனால் அடி படவில்லை, மானம் மட்டும் கொஞ்சம் நனைந்தது. குளிர்காலம் முழுக்க, கடை சாத்துவதற்கு முன் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம், மரங்களுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் பழகினாள். ஈஸ்டருக்கு முன் தாழ்வான ஒரு சுவரைத் தாண்டினாள். கோடையில் உயரமான சுவர். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தியின் பூட்ஸ், ஒவ்வொரு தடவையும் பூட்ஸுக்காகத்தான். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள், மேட்டியும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் இறங்கின கையோடு, பிஷப்பின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, இந்த நவம்பரில் நான் தட்டு ஏந்தப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே பயமாகிவிட்டது.

மேட்டி குதிரையைத் தர ஒப்புக்கொண்டான். செத்துப்போன அண்ணனின் கறுப்புக் கோட்டைப் பிரித்துத் தைத்தாள். அலமாரியில் தூங்கிய தொப்பிகளில் வேட்டைத் தொப்பியும் ஒன்று இருந்தது, டாக்டர் மனைவி கொடுத்தது. பூட்ஸ்தான் இல்லை. ஆறு ஜோடி பழக்கியவளுக்குச் சொந்தமாக ஒரு ஜோடி கிடையாது. இன்னொருத்தியின் பூட்ஸில் போய் நிற்கவும் முடியாது. எங்கள் ஊரில் முகத்தை மறந்தாலும் மறப்பார்கள், பூட்ஸை மறக்க மாட்டார்கள்.

பக்கத்து நகரமான பாலினஸ்லோவில் பூட்ஸ் தைக்கும் லார்கின் கடைக்குப் போனாள். ராணி மாதிரி போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். தோலை மடித்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், உள்தையலில் விரலை ஓட்டினாள். முன்பக்கம் கயிறு கட்டுகிற மாதிரி வேண்டாம், வழவழப்பான கறுப்பு போதும். அடித்தோல் கனமாக, குதிகால் பிடிப்பாக. சரியான பூட்ஸ் எது என்றால் காலில் இருப்பதே மறந்துபோகிறதுதான் என்று லார்கினுக்கே பாடம் நடத்தினாள். லார்கின் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கெண்டைக்கால் சுற்றளவு எடுக்க நாடாவை உருவிக்கொண்டு மண்டி போட்டான்.

"அதை உள்ள வைங்க" என்றாள் டெலியா. "முப்பது வருஷமா இந்தக் காலைத்தான் தூக்கிட்டுத் திரியறேன். அளவு நான் சொல்றேன், எழுதிக்கோங்க."

அளந்து பார்ப்பதால் கால் தேய்ந்துவிடாதே என்றான் லார்கின். ஆறு சீமாட்டிகளின் அளவு மனப்பாடமாக இருக்கிறவளுக்கு அவமானமாக இருந்தது. சொன்னதை எழுதுங்கள் என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு, அளவுகளை ஒப்பித்துவிட்டு வந்தாள். ஊர் முழுக்கப் புத்தி சொல்கிறவர்கள் தன் விஷயத்தில்தான் கோட்டை விடுவார்கள். டெலியாவும் விட்டாள்.

முதல் சனிக்கிழமைக்குப் பத்து நாள் இருக்கும்போது பூட்ஸ் வந்தது. கடை சாத்தியதும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மெல்லிய காலுறை மாட்டி, உள்ளே பவுடர் தூவி, பூட்ஸின் உள்விளிம்புக் காதுகளில் இரும்புக் கொக்கிகளை மாட்டி இழுத்தாள். பாதம் போயிற்று. குதிகால் உட்கார்ந்தது. கெண்டைக்காலின் பாதியில் வந்து பூட்ஸ் நின்றுவிட்டது. இழுத்தாள், நகரவில்லை. சாயங்காலத்தில் கால் வீங்கியிருக்கும் என்று விட்டுவிட்டு, காலையில் எழுந்து படுக்கையிலேயே முயன்றாள். அதே இடத்தில் நின்றது. காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு அரைமணி படுத்திருந்தாள். கிணற்றுத் தண்ணீரில் காலை முக்கி எடுத்தாள். கடைசியில் மேட்டியைக் கூப்பிட்டாள். அவன் ஒரு பக்கம் இழுக்க, இவள் ஒரு பக்கம் தள்ள, நாற்காலிதான் உடைந்தது.

மேட்டி தரையில் உட்கார்ந்தபடி அவள் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சுவருக்கு நேர் பிடிக்கும் நூலைப் பையிலிருந்து எடுத்துக் கெண்டைக்காலைச் சுற்றி, அளவுகோலில் வைத்துக் காட்டினான். அவள் ஒப்பித்த அளவைவிடக் கட்டைவிரல் அகலத்துக்குமேல் கூடுதல்.

"பிஷப்போட வேலை" என்றான். "ஒரு வருஷமா அவன் விலாவைக் கவ்விப் பிடிச்சிருக்கே. சதை போடாம என்ன பண்ணும்."

டெலியாவுக்குக் கவலை இரண்டு. பத்து நாளில் லார்கின் இன்னொரு ஜோடி தைக்க மாட்டான் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று, அது நிதானமாகத்தான் உறைத்தது. அவள் கால் ஒரு வருடமாகப் பருத்துக்கொண்டே வந்திருக்கிறது என்றால், அந்த ஒரு வருடமும் அவள் பழக்கிய பூட்ஸ் எல்லாம்? வங்கி மேலாளரின் தங்கை, இப்போதெல்லாம் பூட்ஸ் தொளதொளவென்று இருக்கிறது, நான் இளைத்துவிட்டேனா என்று சந்தோஷமாகக் கேட்டது ஞாபகம் வந்தது. டாக்டர் மனைவி சந்தோஷப்படவில்லை, முகத்தைத்தான் சுளித்தாள். இப்போது மூலையில் மிஸஸ் யூஸ்டஸின் லண்டன் பூட்ஸ் நின்றுகொண்டிருந்தது, இரண்டு வாரமாகப் பழக்குவது. டெலியா அதை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ஏறியது. அது இனி மிஸஸ் யூஸ்டஸின் காலுக்கு ஆகாது. உலகத்தில் ஒரே ஒருத்தியின் காலுக்குத்தான் ஆகும்.

அவள் அன்று நினைத்ததை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். லண்டன் பூட்ஸின் தோல் இளகிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள். இந்த வருடமும் தட்டை ஏந்தலாம். அந்தத் தட்டு ஞாபகம் வந்ததும்தான் எழுந்தாள். இரண்டு ஜோடியையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு பெரிய வீட்டுக்கு நடந்தாள்.

மிஸஸ் யூஸ்டஸ் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள். குதிரை, பின்வயல், ஒரு வருடம், கெண்டைக்கால், லார்கின், எல்லாம். கேட்டு முடித்ததும் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்ப இதைப் போட்டுக்கிட்டது மேட்டி கில்ராய் இல்லையா?"

"மேட்டியா? அவன் ஏன் மேடம் போடப்போறான்?"

"போன சீசன்ல நீ குடுத்த ஜோடியோட தையல்ல சாம்பல் நிற ரோமம் இருந்துச்சு. இந்த ஊர்ல சாம்பல் குதிரை அவன்கிட்ட மட்டும்தானே இருக்கு. பூட்ஸும் லூசா இருந்துச்சு. சரி, அந்த ஆளுக்கு ராத்திரில பொம்பளை பூட்ஸ் போட்டுக்கிட்டுக் குதிரை ஓட்டற பழக்கம் இருக்கும்னு நாங்க ஆறு பேரும் முடிவு பண்ணிட்டோம். பாவம், தனியா இருக்கற மனுஷன், அவமானப்படுத்த வேண்டாம்னு யாரும் உன்கிட்டக்கூடக் கேட்கலை."

 வருடம் பூராவும் அந்தச் சீமாட்டிகள் மேட்டியைக் கண்டால் ஏன் அத்தனை பரிவாகப் பேசினார்கள் என்பது டெலியாவுக்கு இப்போது புரிந்தது.

மிஸஸ் யூஸ்டஸ் லண்டன் பூட்ஸைப் போட்டுப் பார்த்தாள். காலைச் சுற்றி வாளி தொங்குகிற மாதிரி தொங்கியது. லார்கின் பூட்ஸைப் போட்டாள். கெண்டைக்காலைக் கச்சிதமாகப் பிடித்து, முழங்கால் மடிப்புக்கு மேல் இரண்டு விரற்கடை நின்றது. இந்த வீட்டில் இதுவரை லார்கின் சரக்கு நுழைந்ததில்லை என்றாள். தோல் தங்கம், அளவு சொன்னவள்தான் சரியில்லை என்றாள் டெலியா. அந்தப் பதில் மிஸஸ் யூஸ்டஸுக்குப் பிடித்துவிட்டது. ஜோடியை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது.

"இதை யார் பழக்குறது? உன் கால்தான் இதுக்குள்ள போகாதே."

"நீங்கதான் மேடம்."

"நானா?" அவளுக்கு உண்மையிலேயே நம்ப முடியவில்லை. "என் பூட்ஸை நானேயா?"

பழைய ஜோடியோ போன வசந்தத்திலேயே தையல் விட்டு நாய் மெல்லப் போய்விட்டது. வேறு வழி இல்லை. டெலியா முறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஈரக் காலுறை, மாடிப்படியில் ஏறி இறங்குவது, தினம் இரண்டு வேளை மண்டியிடுவது. தங்கள் கோவிலுக்கே போகிறேன் என்றாள் மிஸஸ் யூஸ்டஸ். அவர்கள் புராட்டஸ்டண்ட் சபை. அங்கே போய்ப் பிரயோசனமில்லை என்று டெலியா பணிவாகச் சொன்னாள். அங்கே முழங்காலுக்கு மெத்தை வைத்திருக்கிறார்கள், அதிலும் பாதிப்பேர் நுனியில் உட்கார்ந்து முன்னால் சாய்வதோடு சரி. கணுக்கால் மடிய வேண்டுமென்றால் எங்கள் கோவிலின் வெறும் பலகைதான்.

ஆக, அக்டோபர் மாதத்தின் கடைசி வாரம், மாலை ஜெபமாலைக்கு மணி அடித்ததும், காரபெக் கத்தோலிக்கக் கோவிலின் கடைசி வரிசையில் மிஸஸ் யூஸ்டஸ் வந்து முழந்தாளிட்டாள். முதல் நாள் ஜெபமே தடுமாறிவிட்டது. இரண்டாம் நாள் வந்தாள். மூன்றாம் நாள் வேதனையில் அவள் கண்ணில் நீர் கோத்திருந்ததை ஃபாதர் டோலன் பார்த்தார். அவருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குடும்பம் முந்நூறு வருடமாகப் புராட்டஸ்டண்ட் பக்கம். அவர் கையால் ஒரு யூஸ்டஸ் வேதத்தில் சேர்வதென்றால் மறைமாவட்டத்துக்கே தலைவரான மேற்றிராணியார் நேரில் வருவார். ஐந்தாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை. ஜெபமாலை முடிந்ததும் கடைசி வரிசைக்குப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்கள் கோவிலுக்கு உங்களை இழுத்து வந்தது எது என்று கேட்டார். பக்கத்தில் டெலியா இருந்தாள், லண்டன் பூட்ஸோடு.

"உங்க பலகை ஃபாதர்" என்றாள் மிஸஸ் யூஸ்டஸ். பொய் பேசத் தெரியாத பெண்பிள்ளை. "எங்க கோவில்ல மெத்தை போட்டிருக்காங்க. பூட்ஸ் மடியவே மாட்டேங்குது."

ஃபாதர் டோலன் மிஸஸ் யூஸ்டஸின் பூட்ஸைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி டெலியாவின் பூட்ஸைப் பார்த்தார். அவர் இந்த ஊருக்கு வந்த பிறகு பார்த்த இருபது அக்டோபர் மாதங்கள் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறைந்தன.

"உன்னைப் பீடத்துல வச்சுப் பாராட்டினேனே டெலியா."

"ஒரு நாளும் ஜெபத்தை விட்டதில்ல ஃபாதர்" என்றாள் டெலியா. "கால் அது வேலையைப் பார்த்துச்சு. வாய் அது வேலையைப் பார்த்துச்சு."

அவர் போய் மெழுகுவர்த்திகளை அணைத்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் வெளிவேஷத்தைப் பற்றி இருந்தது, நீளமாக.

சனிக்கிழமை வந்தது. டெலியா விடியும் முன்பே எழுந்து, மேட்டியின் கொட்டிலில் பிஷப்புக்குப் பிடரி பின்னி, கோட்டை மாட்டி, கடைசியாக பூட்ஸைப் போட்டாள். பூட்ஸ் தகராறு செய்யவில்லை. மேட்டி தன் கைகளைக் கோத்து அவள் பாதத்தைத் தாங்கி ஏற்றிவிட்டான். ஊருக்குள் அவள் குதிரைமேல் நுழைந்தபோது சத்தம் அப்படியே அடங்கியது. யாரோ சீழ்க்கை அடித்தார்கள். வங்கி மேலாளரின் தங்கை அவள் காலைப் பார்த்துவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்த்தாள். கேலி வரும் என்று டெலியா காத்திருந்தாள், ஆனால் நாலைந்து பேர் தொப்பியைத் தொட்டு நகர்ந்து இடம் விட்டார்கள். அவ்வளவுதான். இதற்கா முப்பது வருடம் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

மிஸஸ் யூஸ்டஸின் குதிரையைத்தான் காணவில்லை. அவள் காரில் வந்து இறங்கினாள். இரண்டு குதிகாலிலும் கட்டு, கட்டுக்கு மேல் கணவரின் கம்பளிச் செருப்பு. வியாழக்கிழமையே கொப்பளங்கள் உடைந்துவிட்டன. பூட்ஸ் ஓரளவு பழகிவிட்டது, அதற்குள் போகக் கால்தான் இல்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் தவறவிடுகிற முதல் சீசன் தொடக்கம் இது. முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. நேரே கடைக்குள் போனாள். தட்டை நீட்ட ஆளில்லாமல் ஃபேஹியின் மனைவி தடுமாறிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, கம்பளிச் செருப்பு சேற்றில் சப்சப் என்று ஒட்ட, குதிரைகளுக்கு நடுவே நடந்து வந்தாள்.

பிஷப்பின் பக்கத்தில் வந்து தட்டை உயர்த்தினாள். டெலியா கீழே பார்த்தாள். முதலில் தெரிந்தது முகம் அல்ல. கலைந்த வகிடும், நரை ஓடிய உச்சந்தலையும்தான். அப்போதுதான் டெலியாவுக்குத் தெரிந்தது, இத்தனை வருடமும் மேலே இருந்தவர்கள் தன்னிடம் பார்த்தது தன் உச்சந்தலையைத்தான் என்று. அவள் கோப்பையை எடுக்கவில்லை. சேணத்திலிருந்து நன்றாகக் குனிந்து, மிஸஸ் யூஸ்டஸின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த எரிச்சல் அவளுக்கு ரொம்பப் பழக்கமானது.

"மேடம், நான் வேணா இறங்கிடட்டுமா" என்றாள். உண்மையாகவே கேட்டாள். 

"இறங்கி?" என்றாள் மிஸஸ் யூஸ்டஸ். "அந்த வாளி ரெண்டையும் நான் மாட்டிக்கிட்டுப் போகணுமா? ஆறிப்போகுது, குடி." டெலியா குடித்து முடிக்கும் வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கொஞ்சம் குரல் தாழ்ந்தது. "நெருஞ்சி வயல் தாண்டி மொதல் சுவர் இருக்கில்ல. அங்க மண்ணு சறுக்கும். குதிரைய அவசரப்படுத்தாதே. சாயங்காலம் நேரா வீட்டுக்கு வந்து ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும்."

"வரேன் மேடம். நீங்க ஜெபமாலையை விட்றாதீங்க. புண்ணு ஆறுனதும் இன்னும் ஒரு வாரம்."

"அந்தச் சாமியார் என்னைச் சேர்த்துக்காம விடமாட்டார் போல" என்று முணுமுணுத்துக்கொண்டே மிஸஸ் யூஸ்டஸ் அடுத்த குதிரையிடம் போனாள்.

கொம்பு ஊதினார்கள். வழக்கமாக அந்தச் சத்தத்துக்குத்தான் டெலியாவின் வயிறு எரியும். இன்று அவளுக்கு முன்னும் பின்னும் லாடச் சத்தம். நடுவில் அவள். பாதை ஓரத்தில் நின்ற மேட்டியை நேராகப் பார்த்துக்கொண்டே கடந்தாள். வயல் முடிந்தது, சுவர் வந்தது, மண் சறுக்கியது. பிஷப்பை அவசரப்படுத்தவில்லை. கிழட்டுக் குதிரை தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு, முனகிக்கொண்டு, தாண்டியது.

அந்தப் பக்கம் இறங்கி, அடுத்த வயலில் பாதி தூரம் போன பிறகுதான், காலில் பூட்ஸ் இருப்பதே டெலியாவுக்கு ஞாபகம் வந்தது.